எழுபதாவது எழுத்து

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செய்திகள் போகத் தொடங்கின. திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒரு புள்ளி என்றால் செய்தி போய்ச் சேர்ந்த ஒரு கைப்பேசி. அவள் இரண்டு நிமிடம் பார்த்தாள். சிவப்பு ஒன்றும் வரவில்லை. அடுத்த வேலையை எடுத்தாள்.

அலுவலகம் ஒரே அறை. கீழே கண்ணாடிக் கடை. அங்கே கண்ணாடி அறுக்கும்போது இங்கே பல் கூசும். கடைகள், பள்ளிகள், பார்சல் கம்பெனிகள் தரும் செய்திகளைக் கைப்பேசிகளுக்கு அனுப்புவது இவர்கள் தொழில். பெரும்பாலும் ஒரு இணைப்பு, பக்கத்தில் ஒரு வாக்கியம். ரசீது இங்கே. மதிப்பெண் இங்கே. பார்சல் கிளம்பிவிட்டது, எங்கே வருகிறது என்று இங்கே பாருங்கள். வாக்கியத்தை எழுதுவது அவள்.

முதலாளி அவளைக் கத்தரி என்று கூப்பிடுவார். தமிழில் ஒரு செய்திக்கு எழுபது எழுத்து. அதையும் இயந்திரம் பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணாது. புள்ளி தனி எழுத்து, கொம்பு தனி எழுத்து. 'க்' என்றால் இரண்டு. வாடிக்கையாளர்கள் 'அன்பு வாடிக்கையாளரே' என்று தொடங்கி எழுதிக்கொண்டு வருவார்கள். அவள் முதலில் அதை வெட்டுவாள்.

"அன்புக்கு இடமில்லையாம்மா?" என்று ஒரு நகைக்கடைக்காரர் கேட்டார்.

"அன்புக்கு அஞ்சு எழுத்து ஆகும் சார்."

ஆஸ்பத்திரி வேலைக்குப் போன மாதம் ஒரு பெண் டாக்டர் நேரில் வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சோடு காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்களுக்கு மார்புப் பரிசோதனை நடத்துகிறார்கள். முடிவைக் கைப்பேசிக்கு இணைப்பாக அனுப்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. சிலரை மட்டும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

"லிங்க்கை யாரும் தொட மாட்டேங்கறாங்க," என்றார் டாக்டர். "தொட்டா பணம் போயிடும்னு பயம். தொட்டாலும் உள்ளே இருக்கறது எங்க பாஷை. அதனால கூடவே ஒரு வரி வேணும். மறுபடி வரணுமா வேண்டாமான்னு."

"ரெண்டு வரி, டாக்டர். வரணும்னு ஒண்ணு, வேண்டாம்னு ஒண்ணு."

"ஆமா. ஆனா ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கணும். வீட்டுல யார் போனை எடுத்துப் பார்ப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஓரக்கண்ணால பார்த்தவங்க பதறக் கூடாது."

அன்று பிற்பகல் முழுவதும் அவள் அதற்காகவே உட்கார்ந்தாள். முன்னால் இணைப்பு. பிறகு,

உங்கள் பரிசோதனை முடிவு இங்கே. மீண்டும் வரத் தேவையில்லை

மற்றவர்களுக்கு,

உங்கள் பரிசோதனை முடிவு இங்கே. மீண்டும் வரத் தேவையுண்டு

யில்லை, யுண்டு. எண்ணினால் இரண்டும் ஆறு. இணைப்போடு சேர்த்துச் சரியாக எழுபது. அதற்காகக் கடைசி முற்றுப்புள்ளியை எடுத்திருந்தாள்.

டாக்டர் படித்தார். "முற்றுப்புள்ளி வைக்கலையே?"

"இடமில்ல டாக்டர்."

"பரவாயில்ல. நாங்களும் அவ்வளவு சீக்கிரம் வைக்கறதில்ல."

அவள் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று முதலாளி சொன்னார். அவளுக்கும் அந்த எண்ணம் இருந்தது. அந்த மாதமே அண்ணியைப் பரிசோதனைக்குப் போகச் சொன்னாள். கால் மணி நேர வேலை, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்றாள். அண்ணி போய்விட்டு வந்தாள். முடிவு இன்றைய பத்து மணிச் செய்தியில் வந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி மேனேஜர்.

"என்னம்மா அனுப்பி வச்சிருக்கீங்க? வாசல்ல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். அத்தனை பேரும் பொம்பளைங்க. பாதிப் பேர் அழுதாங்க. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிட்டு உள்ளே வந்து நின்னுட்டான்."

"செய்தியைப் படிங்க சார்."

"அதான், முடிவு இங்கே. மீண்டும் வரத் தேவை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அவ்வளவுதான். தமிழ் தெரிஞ்சவங்கதான் எழுதினீங்களா? வரத் தேவைன்னா என்ன பாஷை அது?"

சோதனைக் கைப்பேசி இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். வாக்கியம் 'தேவை'யில் நின்றிருந்தது. முன்னால் இருந்த இணைப்பு வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தது. விரலை வைத்து எண்ணினாள்.

"உங்க லிங்க் ஆறு எழுத்து நீண்டிருக்கு சார்."

"ஆமா, நேத்து மாத்தினோம். பாதுகாப்புக்காக. ஆறு எழுத்துதானே? அதுல என்ன வந்துடுச்சு?"

ஆஸ்பத்திரி வாங்கியிருந்தது ஒற்றைச் செய்திச் சேவை. எழுபதுக்கு மேல் போனால் இயந்திரம் மிச்சத்தை வெட்டிவிடும். கேட்காது. முன்னால் ஆறு கூடியது, பின்னால் ஆறு போயிற்று. தமிழில் உண்டும் இல்லையும் கடைசியில்தான் வரும். ஓர் எழுத்துகூட மிச்சம் வைக்காமல் எழுதியது அவள்.

அவள் விளக்கினாள். மேனேஜர் பாதியிலேயே நிறுத்தினார்.

"சரி விடுங்க, நடந்தது நடந்துபோச்சு. நான் மைக்கைப் பிடிச்சு சொல்லிட்டேன். மெசேஜ் தப்பு, யாரும் வர வேண்டாம், நிம்மதியா வீட்டுக்குப் போங்கன்னு. கூட்டம் கலைஞ்சிடுச்சு."

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"ஒருத்தர் பாக்கி இல்லாம."

"வர வேண்டியவங்களும்?"

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்," என்று வைத்தார்.

முதலாளி வெளியிலிருந்து வந்தார். ஐம்பது வயது. சட்டைப்பையில் நான்கு பேனா இருக்கும், ஒன்றும் எழுதாது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றார். சோதனைக் கைப்பேசியை நீட்டினாள். படித்தார்.

"வாலை நறுக்கிடுச்சா?"

"ஆமா சார்."

"ரெண்டு பாம்புக்குமா?"

"ரெண்டுக்கும். இப்ப எது எதுன்னு யாருக்கும் தெரியாது."

அவளுடைய சொந்தக் கைப்பேசி அதிர்ந்தது. அண்ணி. எடுத்தாள்.

"அடியே, உங்க கம்பெனி வேலையா இது?" அண்ணியின் குரலில் சிரிப்பு இருந்தது. அண்ணி ஓட்டுநர் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள். எப்போதும் கொஞ்சம் உரக்கப் பேசுவாள். "கிளாஸ்ல இருக்கேன், செய்தி வருது, வரத் தேவைன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஓட்டிட்டிருந்த அம்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு ஸ்டீயரிங்கை விட்டுட்டாங்க. நல்லவேளை, என் பக்கத்துல ஒரு பிரேக் இருக்கு."

"அண்ணி..."

"கேளு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனா ஊரே நிக்குது. பார்த்ததுமே எனக்குப் பாதி பயம் போச்சு. இத்தனை பேருக்கா வரும்? அப்புறம் ஒரு மனுஷன் மைக்ல வந்து தப்பு தப்புன்னு கன்னத்துல போட்டுக்காத குறையா சொன்னாரு. பக்கத்துல நின்ன அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. யாருன்னே தெரியாது. ரெண்டு பேரும் போய் டீ குடிச்சோம்."

"லிங்க்கைத் திறந்து பார்த்தீங்களா?"

"நீதானே சொன்ன, எவன் அனுப்பினாலும் லிங்க்கைத் தொடாதீங்கன்னு?"

அவள் இழுப்பறையை இழுத்து மூடினாள்.

"சரி, ஓட்டக் கத்துக்கற அம்மா நடு மைதானத்துல நிக்கறாங்க. போய் மிச்சத்தைச் சொல்லித் தரணும். சாயங்காலம் வா, உன்னை வச்சுக்கறேன்."

அண்ணி வைத்த பிறகும் கைப்பேசி சற்று நேரம் அவள் காதில் இருந்தது.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். டாக்டர் வெளியூரில் இருக்கிறார், பேச முடியவில்லை. அதனால் மேனேஜரே யோசித்து முடிவுசெய்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே செய்தி. காலையில் வந்த செய்தி தவறு, மன்னிக்கவும். இவ்வளவு போதும்.

"அது வர வேண்டாதவங்களுக்குச் சரி சார். மத்தவங்களுக்கு அது பொய்."

"பொய்யெல்லாம் இல்லம்மா. அவங்களை நாங்க ஒவ்வொருத்தரா போன்ல கூப்பிட்டுப் பேசிக்கறோம்."

"எப்போ?"

"டாக்டர் வந்ததும்."

"டாக்டர் எப்போ வருவாங்க?"

"வரும்போது வருவாங்க. நீங்க எழுதிக் குடுங்க."

"எழுத மாட்டேன் சார்."

"உங்க முதலாளியைக் கூப்பிடுங்க."

முதலாளி வாங்கினார். முதலில் நிறைய 'ஆமா சார்' சொன்னார். ஆஸ்பத்திரி பெரிய வாடிக்கையாளர். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே இரண்டு பேர் ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். எதிர்க் கட்டடம் அதில் அசைந்துகொண்டே போயிற்று.

"ஆமா சார், நீங்க சொல்றது நியாயம்தான்," என்றார் முதலாளி. "ஆனா மைக்ல ஒரு தடவை தப்பா சொல்லியாச்சு. அது காத்தோட போயிடும். எழுத்துல வேற தப்பா சொல்லணுமா? எழுத்து அவங்க கையிலயே இருக்குமே சார். நாளைக்கு எடுத்துக் காட்டுவாங்களே."

மேனேஜர் ஏதோ கேட்டார்.

"ரெண்டா அனுப்பறோம். இந்தத் தடவை வெட்டுப்படாது. எங்க கத்தரியே தைக்கும்."

ரிசீவரை வைத்தார். "எழுது," என்றார் அவளிடம். "சீக்கிரம். மனுஷன் மனசு மாறறதுக்குள்ள."

இந்த முறை வாக்கியம் முன்னால், இணைப்பு கடைசியில். வெட்டுப்பட்டால் இணைப்புதான் வெட்டுப்படும். காலைச் செய்தி தவறு, நீங்கள் வர வேண்டாம் என்பது எளிதாக வந்தது. மற்றது வரவில்லை. 'நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்' என்று எழுதினாள். முதலாளி தோளுக்கு மேலிருந்து படித்தார்.

"ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு."

அழித்தாள். 'மீண்டும் வருக' என்று எழுதினாள்.

"இது ஓட்டல் வாசல்."

'டாக்டரைப் பார்க்க ஒருமுறை வாருங்கள்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். இணைப்பைச் சேர்த்தும் பன்னிரண்டு எழுத்து காலியாகக் கிடந்தது.

"இடம் இருக்கே. வேற ஏதாவது சேர்க்கலாம்ல? பயப்பட வேண்டாம்னு?"

"அதுக்கு இடம் பத்தாது சார்."

அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

வர வேண்டாதவர்களுக்கு முதலில் அனுப்பினாள். அந்தப் பட்டியல் திரைக்குத் திரை ஓடியது. புள்ளிகள் பச்சையாயின. எங்கோ கைப்பேசிகளை எடுத்துப் பார்த்து வைத்திருப்பார்கள். தெரிந்த விஷயம்தான், மைக்கிலேயே சொல்லியாகிவிட்டது.

மற்றது ஒரே திரையில் அடங்கியது. வெறும் எண்கள், பெயர் இல்லை. முதலாளிக்கு இந்த விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. தெரிந்தவர் எண்ணைத் தேடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்: தண்ணி கொண்டுபோற குழாய் தண்ணி குடிக்கக்கூடாது. அவள் தேடவில்லை. எண்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதியில் அவளுடைய சொந்த எண் இருந்தது.

கடைசி இலக்கம் மட்டும் வேறு. இரண்டு சிம்மும் அண்ணன் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஒன்று தங்கைக்கு, ஒன்று மனைவிக்கு.

கை விசைப்பலகையிலிருந்து விலகியது.

"என்ன?" என்றார் முதலாளி.

"இதுல ஒரு நம்பர் எங்க வீட்டு நம்பர் சார்."

"தேடினியா?"

"இல்ல. வந்துச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யாருடையது என்று கேட்கவில்லை.

"அதை மட்டும் நிறுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நிறுத்தினா ஆஸ்பத்திரிக்குக் கணக்கு இடிக்குமே. அவங்க கேட்டா நான் என்ன சொல்ல?"

"கையில கொண்டுபோய்க் குடுத்துட்டேன்னு சொல்லுங்க."

முதலாளி கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஸ்கூட்டர் சாவி மேசையில இருக்கு," என்றார். "பிரேக் கொஞ்சம் லூசு. பார்த்துப் போ."

அவள் அந்த எண்ணின் பக்கத்தில் இருந்த குறியை எடுத்தாள். மற்றவர்களுக்கு அனுப்பினாள். எல்லாம் பச்சையாகும்வரை நின்றாள்.

வழி நெடுக வாக்கியம் யோசித்தாள். எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

மைதானம் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் இருந்தது. பிளாஸ்டிக் கூம்புகளை வட்டமாக வைத்திருந்தார்கள். கார் அதைச் சுற்றி நடை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இறக்கியிருந்ததால் அண்ணியின் குரல் முதலில் வந்தது.

"ஸ்டீயரிங்கைக் கெஞ்சாதீங்கம்மா. திருப்புங்க. அது உங்க மாமியார் இல்ல."

கார் ஒரு கூம்பைச் சாய்த்துவிட்டு நின்றது. அண்ணி இவளைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, மன்னிப்புக் கேக்க ஆளே நேர்ல வந்தாச்சா?"

ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மர நிழலுக்குப் போய், யாருக்கோ போன் செய்து, வட்டம் போட வந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினாள். இவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வேறு இடம் தோன்றவில்லை.

"பெல்ட்டைப் போடு," என்றாள் அண்ணி.

"வண்டி நிக்குதே."

"நின்னாலும் போடணும். என் வண்டியில அப்படித்தான்."

போட்டாள். கொக்கி இரண்டாவது முயற்சியில் விழுந்தது.

"அண்ணி, காலையில வந்த செய்தி..."

"அதான் தப்புன்னு சொல்லிட்டாங்களே."

"மத்தவங்களுக்குத்தான் தப்பு."

அண்ணி அவள் பக்கம் திரும்பவில்லை. சாய்ந்த கூம்பைப் பார்த்தாள்.

"புரியற மாதிரி சொல்லு."

"கடைசியில ஒரு வார்த்தை வெட்டுப்பட்டுப் போச்சு. நிறையப் பேருக்கு அது இல்லைன்னு இருந்திருக்கணும். உங்களுக்கு உண்டுன்னு."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்க்கக்கூடாதுன்னு சொல்வியே."

"ஆமா."

மர நிழலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அண்ணி தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்திருந்தாள். எஞ்சின் ஓடவில்லை.

"கெட்டதா?"

"தெரியாது அண்ணி. இன்னொரு தடவை படம் எடுப்பாங்க. அதுல நிறையப் பேருக்கு ஒண்ணும் இருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"மிச்சப் பேருக்கு?"

"வைத்தியம் பார்ப்பாங்க."

"அந்த மைக் மனுஷன் புண்ணியத்துல," என்றாள் அண்ணி, "கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்தேன்."

கைப்பேசியை எடுத்தாள். காலைச் செய்தியைத் திறந்தாள். கட்டைவிரல் இணைப்புக்கு மேலே நின்றது.

"இப்ப தொடலாமா?"

"தொடுங்க."

வட்டம் சுற்றியது. பக்கம் திறந்தது. அண்ணி கண்ணைச் சுருக்கிப் படித்தாள். உதடு அசைந்தது, ஒரு சொல்லில் தடுக்கி நின்றது. கைப்பேசியை இவளிடம் கொடுத்தாள். இவளும் படித்தாள். இடது என்பது மட்டும் புரிந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"இடது பக்கம்னு இருக்கு. மத்தது தெரியல."

"நீ அனுப்பினதுதானே? உனக்கே தெரியலன்னா எப்படி?" அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சன்னல் வழியாக வெளியே கையை நீட்டி, மர நிழலில் நின்ற அம்மாளிடம் இன்னும் கொஞ்ச நேரம் என்று காட்டினாள்.

"நாளைக்குக் காலையில போவோம்," என்றாள் இவள். "நானும் வரேன்."

"நாளைக்கு இந்த அம்மாவுக்கு டெஸ்ட் இருக்கு."

"அண்ணி."

"இப்படி ஓட்டினா எப்படியும் பாஸாக மாட்டாங்க. சரி, போவோம்."

கைப்பேசியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். வைத்த பிறகும் கை உள்ளேயே இருந்தது. இடது தோளை லேசாக அசைத்தாள், சட்டை சரியாக இல்லாததுபோல.

"எனக்குத் தலைவலின்னா எனக்கு முன்னாடி போய்ப் படுத்துக்கற மனுஷன்," என்றாள். பிறகுதான் இவள் முகத்தைப் பார்த்தாள். "உங்க அண்ணன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லணுமா?"